உத்தரமேரூர்ச் சபையின் இரண்டாம் தீர்மானம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மாடம்பாக்கம் எனச் சென்னையின் தென்புறத்தே விரிந்து கிடக்கும் ஊர்களில் சங்கம் இல்லாத தெருவைக் காண்பது அரிது. குடியிருப்போர் நலச் சங்கம், வணிகர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், சமுதாயச் சங்கம் என அவை பலவகைப்படும். அவற்றுட் பல, வயல்கள் மனைகளாக மாறிய காலத்தில், குடிநீருக்கும் சாலைக்கும் தெருவிளக்குக்குமாக மிகுந்த ஆர்வத்துடன் தோற்றுவிக்கப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரே வகையான நோய் அவற்றைப் பற்றுவதுண்டு. பொதுக்குழுவிற்கு வருவோர் தொகை குறைகிறது. பொறுப்புகள் ஒரு சிலரையே சுற்றி வருகின்றன. கணக்கு காலத்தில் வைக்கப்படுவதில்லை. வைக்கப்பட்டாலும் அதனைப் படிப்பாரில்லை. ஒரு நாள் பூசல் வெடிக்கும்போது சிலர் விலகுவர். சிலர் போட்டிச் சங்கம் காண்பர்.

விலகுதலும் பிரிதலும் அன்றி மூன்றாவதொரு வழியும் உண்டு. உறுப்பினர் அனைவரும் கூடி, தம் அமைப்பின் குறை இதுவென ஒப்புக்கொண்டு, விதிகளைத் தாமே திருத்தி எழுதிக்கொள்வதே அது. தமிழகத்தில் இவ்வழியை மேற்கொண்ட ஓர் அவையின் முழுமையான ஆவணம், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லில் வெட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. அது நெடுந்தொலைவிலும் இல்லை. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே செங்கற்பட்டை அடைந்து, மேலும் தென்மேற்கே சென்றால் உத்தரமேரூர் வந்துவிடும்.

ஊரும் அவையும்

எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் உருவான ஊர் உத்தரமேரூர். கல்வெட்டுகள் இதனை உத்தரமேரூச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கின்றன. காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், தன்னளவிலேயே ஒரு நாடாகக் கருதப்படும் தனியூர் என்னும் சிறப்புடையது. பல்லவர், சோழர், அவர்க்குப் பின் வந்தோர் எனப் பல மரபினர் காலத்துக் கல்வெட்டுகள் இவ்வூர்க் கோயில்களில் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை மன்னரின் வெற்றிகளைக் காட்டிலும் ஊரவையின் நடவடிக்கைகளையே மிகுதியாகப் பேசுகின்றன.

சதுர்வேதிமங்கலம் என்பது வேதம் வல்ல அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். அவ்வூர் நிலத்தில் பங்குடையோர் கூடிய அவைக்குச் சபை என்று பெயர். தாம்பரத்தை அடுத்த மணிமங்கலமும் சோழர் காலத்தில் இத்தகைய சதுர்வேதிமங்கலமாகவே விளங்கியது. அங்கும் சபை இருந்தது. ஆகவே இம்முறை இப்பகுதிக்கு அயலானதன்று.

உத்தரமேரூர்ச் சபையின் கையிற் பெரும் பொறுப்புகள் இருந்தன. வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரியைத் தூர்வாரிக் காக்க வேண்டும். மதகுகளைப் பேண வேண்டும். தோட்டங்களைக் கண்காணிக்க வேண்டும். வரி தண்டி அரசுக்குச் செலுத்த வேண்டும். அறக்கொடையாக வந்த பொன்னையும் நிலத்தையும் காத்து, கொடையாளர் விரும்பிய அறத்தை வழுவாது நடத்த வேண்டும். இப்பணிகளைச் சபை முழுவதும் கூடிச் செய்தல் இயலாதாகையால் வாரியங்கள் என்னும் குழுக்கள் அமைந்தன. ஏரியும் பொன்னும் வரியும் வாரியத்தார் கையில் இருந்தமையால், வாரியப் பதவி ஊரிற் செல்வாக்குத் தருவதாயிற்று.

முதல் தீர்மானம்: 919

முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், சபை கூடியது. அரசன் ஆணையைக் கொணர்ந்த தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அலுவலர் உடனிருந்தார். ஆயினும் விதியை வகுத்தது சபையே என்பதைக் கல்வெட்டின் நடை காட்டும். சபையோம் இவ்வாறு வியவஸ்தை செய்தோம் எனத் தன்மைப் பன்மையிலேயே அது பேசுகிறது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றதொரு பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் உள்ளோர் கூடித் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். தகுதிகள் வரையறுக்கப்பட்டன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராதல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராதல் வேண்டும். முப்பது வயதிற்கு மேலும் அறுபதிற்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். கல்வியும் காரியத்தில் திறமையும் நேரிய வழியில் ஈட்டிய பொருளும் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் எவ்வாரியத்திலும் இருந்திருத்தல் கூடாது. பதவியிலிருந்து அப்போது விலகியவர்க்கு நெருங்கிய உறவினராதலும் கூடாது.

இறுதி இரு விதிகளும் ஊன்றி நோக்கத்தக்கவை. பதவி ஒருவரிடமே தங்கிவிடுதலும், அவர் விலகும்போது தம் வீட்டார்க்கே கைமாற்றிக் கொடுத்தலும் அக்காலத்தே நிகழ்ந்திராவிடில் இத்தடைகளுக்குத் தேவை எழுந்திராது.

இரண்டே ஆண்டில் மீண்டும்

உத்தரமேரூரைப் போற்றுவோர் பெரும்பாலும் குடவோலை முறையைக் குறையற்ற ஒரே சட்டமாகக் கருதிப் பாராட்டிச் செல்வர். அங்குள்ள ஆவணங்கள் இரண்டு என்பதும், இரண்டாவது முதலாவதைத் திருத்த எழுந்தது என்பதும் அப்பாராட்டில் மறைந்துவிடுகின்றன. பராந்தகனின் பதினான்காம் ஆட்சியாண்டில், 921இல், அதே சபை அதே பொருள் குறித்து மீண்டும் கூடியது. இம்முறை அரசன் ஆணையுடன் உடனிருந்தவர் சோழநாட்டு ஸ்ரீவங்கநகரைச் சேர்ந்த சோமாசிப் பெருமான். முதல் விதி எதிர்பார்த்த பயனை முழுதும் தரவில்லை என்பது, இரண்டாவது எழுந்தமையாலேயே பெறப்படும். தீயோர் அழிந்து நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே தன் நோக்கம் எனவும் இரண்டாம் கல்வெட்டு வெளிப்படையாகக் கூறுகிறது.

திருத்தங்கள் எத்திசையிற் சென்றன என்று காண்பது பயன் தரும்.

முதலாவது, வயது வரம்பு மாறியது. முப்பது முதல் அறுபது வரை என்றிருந்தது, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றாயிற்று. முதிர்ச்சியும் பட்டறிவும் மிகுந்தோரைச் சபை நாடியது.

இரண்டாவது, சொத்துத் தகுதி தளர்ந்தது. கால் வேலி நிலம் இல்லாதவராயினும், அரைக்கால் வேலி மட்டும் உடையவர் ஒரு வேதமும் அதன் விளக்கவுரைகளுள் ஒன்றும் கற்று எடுத்துரைக்க வல்லராயின் அவர் பெயரும் குடத்தில் இடப்படலாம். நிலம் குறைந்தார்க்குக் கல்வி ஈடாயிற்று.

மூன்றாவது, ஒழுக்கத் தகுதி மிகவும் இறுகியது. இதன் தலையாய கூறு கணக்கு பற்றியது. எவ்வாரியத்திலேனும் இருந்து கணக்கு காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர் மட்டுமல்லர், அவர்தம் சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயின் உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தான், தன் உடன்பிறந்தான், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாள் கணவன், உடன்பிறந்தாள் மக்கள், மருமகன், தந்தை, மகன் என நீளும் உறவுப் பட்டியல் முழுவதும் விலக்கப்பட்டது. கணக்கு காட்டாது ஒதுங்கியவர் தமக்குப் பதிலாக மைத்துனரையோ மருமகனையோ குடத்தில் ஏற்றும் சூழ்ச்சியைச் சபை கண்டறிந்திருத்தல் வேண்டும். உறவு முறை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடைத்த விதம் அதனையே உணர்த்துகிறது.

இவையன்றிப் பிறர் பொருளைக் கவர்ந்தோர், பெரும்பாவங்கள் செய்தோர், பொய்யாவணம் புனைந்தோர், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டோர் முதலியோரும் விலக்கப்பட்டனர். சில குற்றங்களைச் செய்தோர் கழுவாய் தேடித் தூய்மையடைந்தாலும், பொதுப் பதவிக்கு வாழ்நாள் முழுவதும் தகுதியற்றவரே ஆயினர்.

அனைவர் கண்முன்னும்

நான்காவது திருத்தம் தேர்வு முறையைப் பற்றியது. இரண்டாம் தீர்மானம் ஒவ்வொரு படியையும் ஐயத்திற்கு இடமின்றி விரித்துரைத்தது.

ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, எக்குடும்பின் கட்டு என்பதைக் காட்டும் வாயோலை ஒன்றையும் சேர்த்துக் குடத்தில் இட வேண்டும். ஓலை எடுக்கும் நாளில் இளையோர் முதியோர் அனைவரும் அடங்கிய பெருஞ்சபை கூட வேண்டும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் தவறாமல் சபை நடுவே அமர வேண்டும். அவருள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு அவிழ்க்கப்பட்டு, ஓலைகள் வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தனோ ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலேயே அதனை ஏற்க வேண்டும். விரல்களுக்கிடையே வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடாதென்பதற்காகவே இவ்விதி. ஓலையிலுள்ள பெயரை அவன் உரக்கப் படிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாங்கிப் படிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

இவ்வாறு முப்பது குடும்புகளுக்கும் முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்படுவர். முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தோரும், கல்வியிலும் வயதிலும் மூத்தோருமாகிய பன்னிருவர் ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்திற்கு உரியர். மற்றையோருள் பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் அவ்வாறே தனித்தேர்வு நடத்தி அறுவர் அறுவராக அமைப்பர். பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். இடையே குற்றம் காணப்பட்டால் அக்கணமே நீக்கம்.

குடவோலை என்பது இக்காலத்து வாக்கெண்ணிக்கை அன்று. தகுதியுடையோரைக் குடும்பார் முன்மொழிவர். அவருள் ஒருவரைத் திருவுளச்சீட்டு தெரிந்தெடுக்கும். ஆள் சேர்த்தலும் வாக்குக் கேட்டலும் பொருள் வழங்கலும் இம்முறையிற் பயனற்றுப் போயின. எந்த ஓலை வருமென்று எவரும் அறியாத நிலையில் எவரைக் கவர்ந்து யாது பயன்?

கணக்கன் பொறுப்பு

ஐந்தாவதாக, கணக்கு எழுதுவோர்க்கும் தனி விதி அமைந்தது. நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே ஊர்க்கணக்கு எழுதுதல் வேண்டும். எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் காட்டி, தூயது என ஏற்கப்படும் வரையில் அக்கணக்கர் மீண்டும் அப்பணியிற் புகலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். வேறொருவர் புகுந்து அதனை முடித்துவிடுதல் கூடாது. பழைய கணக்கு அப்படியே கிடக்க, புதிய பொருளாளர் புதிய ஏடு தொடங்கும் வழக்கத்தை அறிந்த எவர்க்கும் இவ்விதியின் அருமை விளங்கும்.

தீர்மானம் முடிந்தபின் அதனைச் சபையார் ஆணைப்படி எழுதியவன் ஊர் மத்தியஸ்தனாகிய காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன். அவன் பெயரும் கல்லில் உள்ளது.

தடை செய்வோர்க்குத் தண்டம்

அவைகள் நலிவதற்குக் கணக்கின்மை ஒன்றே காரணமன்று. பேச்சும் காரணமாகும். உத்தரமேரூர்த் தீர்மானங்களுக்கு ஒரு நூற்றாண்டிற்கும் முன்னர், ஏறத்தாழ 800இல், திருநெல்வேலியை அடுத்த மானூரிற் சபை கூடியது. பாண்டியன் மாறஞ்சடையனின் முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, யார் யார் அவையிற் பேசி முடிவெடுக்க உரியர் என்பதை வரையறுக்கிறது. வந்த கருத்து எதுவாயினும் ‘அன்று, அன்று’ என்று மறுத்தே அவைச் செயலை முடக்குவோர்க்கும், அவர்க்குத் துணை நிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம் என்றும் விதிக்கிறது.

மாற்றுக் கருத்தைத் தண்டித்தல் இதன் நோக்கமன்று. ஒவ்வொன்றையும் தடுப்பதே தொழிலாகக் கொண்டாரைச் சபை கண்டித்தது. கூட்டம் கூடியும் முடிவெடுக்க இயலாத அவை, கூடாத அவையினும் விரைவில் உறுப்பினரின் நம்பிக்கையை இழக்கும். மானூரார் இதனைப் பட்டுணர்ந்தே விதி செய்தனர் போலும்.

மறைக்கக் கூடாத குறை

இச்சபைகளின் பெருமையை உரைக்கும்போது அவற்றின் எல்லையையும் உரைத்தலே நேர்மை. உத்தரமேரூர்ச் சபை ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. நிலப்பங்குடைய அந்தண ஆடவர்க்கே உரியது. ஏரிநீரால் வயலை விளைவித்த உழவர்க்கும், நெய்தவர்க்கும், கருவி செய்தவர்க்கும், பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களில் ‘ஊர்’ என்னும் அவையும், வணிகர் வாழ்ந்த இடங்களில் ‘நகரம்’ என்னும் அவையும் இருந்தன எனினும், அனைவரும் சமமாக அமரும் அவை அக்காலத்தில் இல்லை.

இவ்வகையில் இன்றைய காலம் முன்னேறியுள்ளது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சியாயின. அதன் முதல் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. முப்பது குடும்புகளின் சபை கனவிலும் கருதாத நிலை இது. ஆயினும் சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளைக் காப்பதற்கு இப்பகுதிக் குடியிருப்போர் காட்டிய அக்கறையை நோக்கும்போது, ஏரி வாரியத்தின் தேவை இன்றும் தீரவில்லை என்பது தெளிவாகும்.

இன்றைய சங்கங்களும் பழைய விதியும்

தமிழகத்தில் உறுப்பினர் சங்கங்களை இன்று ஆள்வது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அதற்கு முன்னர் 1860ஆம் ஆண்டின் சட்டம் நடப்பில் இருந்தது. ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, மூன்றாண்டுக்கு மிகாத செயற்குழுப் பதவிக்காலம் என இச்சட்டம் விதிக்கும் முறைகள் பழைய சபையார்க்கு வியப்பளித்திரா. துணைவிதிகளை மாற்றவும் வழி உண்டு. உரிய முன்னறிவிப்புடன் பொதுக்குழுவைக் கூட்டி, நான்கில் மூன்று பங்கினர் ஆதரவுடன் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் போதும். நீதிமன்றம் செல்வதற்கும் போட்டிச் சங்கம் காண்பதற்கும் முன்னர் உறுப்பினர் கையிலிருக்கும் கருவி இதுவே.

ஓரிடத்தில் மட்டும் பழைய விதி இன்றைய சட்டத்தினும் கடுமையானது. மூன்றாண்டுக்குப் பின் மீண்டும் அதே பொறுப்பிற்குத் தேர்ந்தெடுக்கப்படுதலை இன்றைய சட்டம் தடுப்பதில்லை. உத்தரமேரூரிலோ ஓராண்டு பணியாற்றியவர் அடுத்த மூன்றாண்டு ஒதுங்கியே இருத்தல் வேண்டும். இவ்விதியால் ஆண்டுதோறும் புதியோர் பொறுப்பேற்றே ஆக வேண்டிய நிலை உண்டாயிற்று. சிலருடைய சங்கமாகச் சுருங்கிய அமைப்பை மீண்டும் அனைவருடைய சங்கமாக்குவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், விரும்பும் சங்கம் தன் துணைவிதியில் இவ்விடைவெளியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சீர்திருத்தம் வேண்டும் எனக் கருதும் சங்கத்தார் உத்தரமேரூரிலிருந்து கொள்ளத்தக்கவை சில உள. குறையைத் தனியொருவர் மேல் ஏற்றாமல் விதியிற் காண்பது ஒன்று. இரு தீர்மானங்களிலும் குற்றவாளி எனப் பெயர் சுட்டப்பட்டார் எவருமிலர். பழைய கணக்கை முடித்த பின்னரே புதிய பொறுப்பை அளிப்பது மற்றொன்று. தேர்வை மூடிய அறையில் நடத்தாமல் அனைவர் முன்னிலையிலும் நடத்துவது பிறிதொன்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, இரண்டாண்டுக்கு முன் தாமே செய்த விதியை மீண்டும் திருத்துவதற்கு நாணாமை.

கல்வெட்டறிஞர் வி. வெங்கையா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றை ஆய்ந்து வெளிப்படுத்தினார். வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் பின்னர் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். சபை கூடிய இடத்தில் அமைந்த வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் இரு தீர்மானங்களையும் காணலாம். இரண்டாவது வந்தபின் முதலாவதைச் சபையார் செதுக்கி அழிக்கவில்லை. திருத்தப்பட்ட விதியும் திருத்திய விதியும் ஒரே கோயிலில், வருவோர் எவரும் படித்தறியுமாறு நிற்கின்றன.